போனை வைக்கச் சொன்னவள்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்குப் பயிற்சி நடக்கிறதாம், நான் வந்து இருபது நிமிடம் பேச வேண்டுமாம். "மேடம், இப்பல்லாம் கப்பல்ல ஏதாவது ஆச்சுன்னா நமக்கு முன்னாடி வீட்டுக்காரங்களுக்கே வாட்ஸ்அப்ல தெரிஞ்சிடுது. நாம போறதுக்குள்ள தெருவே கூடி நிக்குது. அங்க போய் என்ன சொல்றதுன்னே தெரியல" என்றாள்.

போனேன், பேசினேன். இருபது நிமிடத்தில் விதிகளைத்தான் சொல்ல முடிந்தது. அந்த விதிகளோடு ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது, கப்பலில் போகிறவர்களின் குடும்பங்களைக் கவனிக்கும் ஓர் அறக்கட்டளையில். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, மாடியில் மூன்று அறைகள். கடற்படைக்காரர், கடலோரக் காவலில் இருப்பவர், சரக்குக் கப்பலில் போகிறவர் என்று எங்களுக்குப் பிரிவினை கிடையாது. கப்பலில் இருப்பவருக்கு வீட்டுச் செய்தியும், வீட்டில் இருப்பவர்களுக்குக் கப்பல் செய்தியும் போய்ச் சேர வேண்டும். காஞ்சிபுரமும் அதைச் சுற்றிய ஊர்களும் என் பொறுப்பு. "காஞ்சிபுரத்துல கடல் எங்கம்மா இருக்குது?" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் சிரிப்பார்கள். கடல் இல்லாத ஊரில்தான் எங்களுக்கு வேலை அதிகம். கடற்கரைக் குப்பத்தில் ஒரு கப்பல் தாமதமானால் என்ன செய்வது என்று நூறு பேருக்குத் தெரியும். இங்கே, ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கப்பலேறியவனின் வீட்டில், அவன் எந்தக் கடலில் இருக்கிறான் என்பதே தெரியாது.

பயிற்சி மூன்று வாரம். அதில் எழுதிய தேர்வு எதுவும் நினைவில் இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் எட்வின் சார். கடற்படையில் சமிக்ஞைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, எங்கள் அலுவலகத்துக்குத் தலைவராக வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதையும் பென்சிலில்தான் எழுதுவார். "நாளைக்கு மாறக்கூடிய விஷயத்தை எதுக்கும்மா பேனாவுல எழுதணும்?" என்பார்.

கெட்ட செய்தி கொண்டுபோகும் வீட்டுக்கு அவர் வைத்திருந்த முறை இது. தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும். வாசலில் பெயரைக் கேட்டு, ஆள் சரிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். செய்தியைச் சொல்லும்வரை அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை, சோறு வடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் எங்கள் ஆள் அவசரப்பட்டுச் சொல்லி, கஞ்சி முழுவதும் அவர் காலில் கொட்டிவிட்டது. அதிலிருந்து இந்த விதி. உட்கார வைத்து, முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். "எல்லாம் நல்லபடியா முடியும்" என்ற சொல் எங்கள் வாயில் வரவே கூடாது.

கௌரி வீட்டுக்கு அப்படித்தான் போனோம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். ஐயம்பேட்டையில், வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே போகும் தெரு. அவள் கணவர் தேவராஜ் ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலர். கௌரி வீட்டிலேயே பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக்கொடுப்பாள். முப்பது வயது. ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போயிருந்தது.

எட்வின் சார் வாசலிலேயே நின்று, "அடுப்புல ஏதாவது இருக்காம்மா? அணைச்சிட்டு வாங்க" என்றார்.

அவள் அசையவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். அடுப்பை அணைக்கச் சொல்வதே பாதிச் செய்தி என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நானே உள்ளே போய் அணைத்தேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் இருக்கிற கப்பலை ஆப்பிரிக்கக் கரையோரமா கொள்ளைக்காரங்க பிடிச்சிருக்காங்க. நேத்து காலையில. எல்லாரும் உயிரோட இருக்கறதா கேப்டன் ஒரே ஒரு தடவை பேசினார். அதுக்கப்புறம் எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் எட்வின் சார்.

கௌரி அழவில்லை. "கொள்ளைக்காரங்கன்னா? பஸ்ஸுலல்லாம் வருவாங்களே அந்த மாதிரியா சார்?" என்று கேட்டாள். கடல் நடுவில் கொள்ளைக்காரன் எப்படி வருவான், போலீஸ் எங்கே, கப்பல் ஏன் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் அவள், "எப்ப விடுவாங்க?" என்றாள்.

"தெரியாதும்மா."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அடுத்து வருவது போன்தான் என்று எட்வின் சார் திரும்பும் வழியில் சொன்னார். கப்பலின் முதலாளிகளோடு பணத்துக்கான பேரம் இழுக்கும்போது, பிடித்தவர்கள் சிப்பந்திகளையே வீட்டுக்குப் பேச வைப்பார்கள். வீட்டில் எழும் அழுகை முதலாளிகளிடமும் அரசாங்கத்திடமும் டி.வி.யிலும் போய் இடிக்கும். எந்த வீட்டில் அழுகை பலமாக இருக்கிறதோ, அந்த வீட்டு ஆளைத்தான் திரும்பத் திரும்ப போனுக்கு இழுப்பார்கள். கொள்ளைக்காரர்களோடு பேசுவதற்கென்று கப்பல் நிறுவனம் ஒருவரை நியமித்திருந்தது. வேறு எந்தக் குரலும் அவர்களுக்குக் கேட்கக் கூடாது. குடும்பங்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எங்கள் வேலை.

இரண்டாம் நாள், பெரிய எழுத்தில் நான்கு வாக்கியங்கள் எழுதிய தாளைக் கௌரி வீட்டுச் சுவரில் ஒட்டினேன். "நான் நல்லா இருக்கேன், பாப்பா நல்லா இருக்கா. எங்களால எதுவும் செய்ய முடியாது. கம்பெனியில பேசுங்க. போனை வைக்கிறேன்." பக்கத்தில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா. எந்த நேரம் போன் வந்தது, எந்த எண், என்ன சத்தம் கேட்டது என்று எழுத வேண்டும்.

பிறகு ஒத்திகை. எட்வின் சார் ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்துக்குப் போய் அங்கிருந்து கௌரியின் எண்ணுக்குப் போன் செய்வார். முதலில் கொள்ளைக்காரனைப் போல ஆங்கிலத்தில் கத்தினார். அதை அவள் தாங்கிக்கொண்டாள். இரண்டாவது முறை தேவராஜைப் போலப் பேசினார். "கௌரி, நான்தான். என்னை எப்படியாவது காப்பாத்து." அந்த மெல்லிய குரலில் அதைக் கேட்டதும் அவள் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் நிற்பது ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்று தெரிந்தும் அப்படி. ஐந்து நாட்கள் இப்படிச் செய்தோம். ஐந்தாம் நாள் நான்கு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு அவளே போனை வைத்தாள். வைத்ததும் குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். திரும்பி வந்து, "சரியா சொன்னேனாக்கா?" என்றாள். அதுவரை என்னை மேடம் என்றுதான் அழைத்துவந்தாள்.

இதையெல்லாம் கட்டோடு எதிர்த்தவர் அவள் அண்ணன் மாணிக்கம். ஓரிக்கையில் அவருக்குக் கட்டுமானப் பொருள் கடை. கட்சியிலும் இருந்தார். நாலு பேரைத் தெரியும். "இன்னாம்மா இது, பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சொல்லித் தர்ற மாதிரி? எனக்கு டி.வி.ல ஆள் இருக்குது. நாளைக்கே கேமரா வந்தா மந்திரி வரைக்கும் ஓடி வருவாங்க. நீங்க அவளை ஊமையாக்கிக்கினு இருக்கீங்க" என்றார். நான் காரணங்களைச் சொன்னேன். "கம்பெனிக்காரன் கிட்ட சம்பளம் வாங்கறியா நீ?" என்று கேட்டார். நாங்கள் அவர்களிடம் சம்பளம் வாங்கவில்லை. ஆனால் அவர் கேட்டதில் இருந்த சந்தேகம் எனக்குள்ளும் ஒரு மூலையில் இருந்தது. பேரம் சீக்கிரம் முடிவதில் யாருக்கு ஆதாயம், இழுப்பதில் யாருக்கு ஆதாயம் என்று எனக்கும் முழுதாகத் தெரியாது.

முதல் போன் பதினேழாம் நாள் வந்தது. காலை பத்தரை மணி. நான் அங்கே இருந்தேன், மாணிக்கமும் இருந்தார். டி.வி. நிருபரை மதியம் வரச் சொல்லிவிட்டதாகத் தகராறு செய்துகொண்டிருந்தார். கௌரி தரையில் உட்கார்ந்து, மடியில் மாம்பழ நிறப் புடவையைப் போட்டுக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. எண் நீளமாக இருந்தது. வெளிநாட்டு எண்.

ஸ்பீக்கரைப் போட்டாள். முதலில் காற்று மட்டும்.

"கௌரி?"

"என்னங்க…"

"பாப்பா எப்படி இருக்குது?"

அவள் சுவரைப் பார்த்தாள். "நான் நல்லா இருக்கேன், பாப்பா நல்லா இருக்கா."

"இங்க குடிக்கத் தண்ணி ஒழுங்கா தரமாட்டேங்கறாங்க கௌரி. எல்லாரையும் ஒரே ரூம்ல போட்டு வெச்சிருக்காங்க. நீ கலெக்டர்கிட்ட போ. அண்ணன்கிட்ட சொல்லு, டி.வி.ல சொல்லு. அப்படிச் சொல்லச் சொல்றாங்க."

மாணிக்கம் போனை நோக்கிப் பாய்ந்தார். நான் குறுக்கே நின்றேன். அவர் என்னைத் தள்ளியிருக்கலாம். ஏனோ தள்ளவில்லை.

"எங்களால எதுவும் செய்ய முடியாது" என்றாள் கௌரி. குரல் அவள் குரலாகவே இல்லை. "கம்பெனியில பேசுங்க. போனை…"

"வைக்காத! கௌரி, வைக்காத. நீ வெச்சா என்னை அடிப்பாங்க. பக்கத்துலயே நிக்கறான்."

இது ஒத்திகையில் இல்லாதது. எட்வின் சாருக்குத் தோன்றியிருக்குமோ, தோன்றியும் வேண்டுமென்றே விட்டுவிட்டாரோ, எனக்குத் தெரியாது. கௌரி சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

போனைத் தொடக் கூடாது என்பது எனக்கு விதி. வைப்பதும் வைக்காததும் குடும்பத்தின் முடிவாக இருக்க வேண்டும். நான் தொடவில்லை. தலையை மட்டும் அசைத்தேன், வை என்று.

அவள் வைத்தாள்.

உடனே மறுபடி அடித்தது. அது அடித்து ஓயும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது முறையும் அடித்தது. பிறகு நின்றுவிட்டது. வெளியே ஒரு ஷேர் ஆட்டோக்காரர் "காஞ்சிபுரம், காஞ்சிபுரம்" என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நோட்டில் நேரத்தை எழுத வேண்டும் என்று நினைவு வந்தது. எழுதிய எண்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன.

மாணிக்கம் என் முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "உன் புருஷனா இருந்தா வெச்சிருப்பியாமா?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

அவர் வாசலில் போய் நின்று நிருபருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னார். ஏன் அப்படிச் செய்தார் என்று நான் பிற்பாடும் கேட்டதில்லை. தங்கை அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்து முடித்த பிறகு அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு போனே வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். நாங்கள் எதிர்பார்த்தது அதைத்தான். பேசிப் பயனில்லை என்று தெரிந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவார்கள். ஆனால் போன் வராத வீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கௌரி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமைத்தாள், தூங்கினாள். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் வருவேன், அவள் பாய் போடுவாள், நான் உட்காருவேன், அவள் குஞ்சம் கட்டுவாள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து போவேன்.

"இனிமே நான் போறது அவளுக்குத் துன்பம்தான் சார். வேற யாரையாவது அனுப்புங்க" என்று எட்வின் சாரிடம் சொன்னேன்.

"வராதேன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"சொல்ற வரைக்கும் போங்க."

அறுபது நாள் தாண்டிய ஒரு மதியம், தலையை நிமிர்த்தாமலே கௌரி கேட்டாள்: "நான் கொன்னுட்டேனாக்கா?"

"தெரியாது கௌரி. உயிரோட இல்லன்னு எந்தத் தகவலும் வரல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"ஒரு தடவையாவது பொய் சொல்லேன்க்கா" என்றாள்.

நான் சொல்லவில்லை. என் வேலைக்காலத்தில் நான் செய்தவற்றிலேயே கடினமானது போனுக்குத் தலையசைத்தது என்று மற்றவர்கள் நினைக்கலாம். எனக்கு இதுதான்.

நான்காவது மாதம் கப்பலை விட்டார்கள். காலை எட்டு மணிக்கு எட்வின் சார் சொன்னார், ஒன்பதுக்கெல்லாம் நான் ஐயம்பேட்டையில் இருந்தேன். வாசலில் என்னைப் பார்த்ததும் கௌரி தானாகவே உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "விட்டுட்டாங்க. எல்லாரும் உயிரோட இருக்காங்க. அவர் குரலை நான் இன்னும் கேட்கல, ஆனா பட்டியல்ல பேர் இருக்குது" என்றேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தின் மேல் வைத்துக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை.

தேவராஜ் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுக்குத் தனியாக வந்தார். இளைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"போனை வைக்கச் சொன்னது நீங்கதானாமே. கௌரி சொன்னா."

"ஆமாங்க, நான்தான்."

"அன்னைக்கு எனக்கு நல்ல அடி" என்றார். சட்டைக் கையை மடித்து முழங்கைக்கு மேல் காட்டினார். "ரெண்டு நாள் எழுந்திருக்க முடியல."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் சண்டைக்கு வரலைங்க. அதுக்கப்புறம் என்னை அவங்க போனுக்குக் கூப்பிடவே இல்ல. இவன் வீட்ல பிரயோசனம் இல்லன்னு விட்டுட்டாங்க. எனக்கு அந்த ஒரு அடியோட போச்சு. ஆனா அப்பலராஜுன்னு ஒரு பையன் இருந்தான். ஆந்திராக்காரன், சமையல் கட்டுல வேலை. அவங்கம்மா போனை வைக்கவே மாட்டாங்க. அழுவாங்க, பேசிக்கினே இருப்பாங்க. அதனால வாரா வாரம் அவனைத்தான் இழுத்துக்கினு போவாங்க. அம்மாவுக்குக் கேட்கணும்னு போன் பக்கத்துல வெச்சே அடிப்பாங்க. இடது காது போயிடுச்சு அவனுக்கு."

மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு கேட்டார்: "அந்த வீட்டுக்கு உங்கள மாதிரி யாரும் போகலையாம்மா?"

மறுநாள் அலுவலகத்தில் எட்வின் சாரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் அந்தக் கப்பலின் கோப்பை எடுத்துப் பார்த்தார். நிறுவனம் எங்களுக்கு அனுப்பியது நம் பக்கத்துச் சிப்பந்திகள் நான்கு பேரின் முகவரி மட்டும். மற்றவர்களின் வீடுகளை யார் பார்க்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நான்கு பேரின் வீடுகளுக்கும் ஒழுங்காகப் போனோம், நான்கு வீட்டுப் போன்களும் ஓய்ந்தன. ஓய்ந்த போன்களெல்லாம் ஒரு வீட்டில் போய் அடித்திருக்கின்றன.

"எனக்குக் கேட்கத் தோணலம்மா" என்றார் எட்வின் சார். சாக்குச் சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்து, எங்கள் விதித்தாளின் உச்சியில் ஒரு வரி எழுதினார்: கப்பலில் உள்ள அத்தனை பேரின் பட்டியலும் கையில் வந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் யார் போகிறார்கள் என்று தெரிந்த பிறகே நாம் முதல் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். இப்போது புதியவர்களுக்குக் கொடுக்கும் புத்தகத்திலும் அது முதல் விதியாக இருக்கிறது. எப்படி வந்தது என்று அதில் போடவில்லை.

அப்பலராஜு வீட்டு எண்ணைத் தேவராஜிடமிருந்து வாங்கினேன். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தறிக்காரக் குடும்பங்கள் பலவற்றைப் போல நாங்களும் எந்தத் தலைமுறையிலோ ஆந்திரப் பக்கமிருந்து வந்தவர்கள். அந்த நான்கு மாதத்தில் அந்த அம்மாவுக்குப் புரிகிற மொழியில் நான்கு வாக்கியம் சொல்லக்கூடியவள் நான் ஒருத்தி இங்கே உட்கார்ந்திருந்தேன் என்ற நினைப்பு, எண்களை அழுத்தும்போது விரலைத் தடுத்தது.

அந்த அம்மாவே எடுத்தார். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். என் தெலுங்கைக் கேட்டுச் சிரித்தார். பையன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், ஒரு காது மட்டும் கேட்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போகிறோம் என்றார். செவி வைத்தியத்துக்கு எங்கள் அறக்கட்டளை ஏற்பாடு செய்யும், அதற்கான தாள்களை நானே அனுப்புகிறேன் என்றேன். அவனை மட்டும் ஏன் வாரா வாரம் அடித்தார்கள் என்பதைச் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்குள் அவரே தொடர்ந்தார். "அவங்க எத்தனை தடவை போன் பண்ணினாலும் நான் ஒரு தடவைகூட வைக்கல அம்மா. பிள்ளை அந்தப் பக்கம் இருக்கும்போது எந்தத் தாய் வைப்பாள்? வாரா வாரம் என் குரல் கேட்டதாலதான் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்னு அவனே சொல்றான். நான் பேசினதாலதானே அவன் பிழைச்சான்?"

பதினெட்டு வருட வேலையில் வீடு வீடாகப் போய் உண்மையை மட்டும் சொன்னவள் நான். இதில் எது உண்மை என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அந்த அம்மா பதிலுக்குக் காத்திருந்தார். அவர் மூச்சு விடுவது போனில் கேட்டது.

"அவுனம்மா" என்றேன். ஆமாம்மா.

அவர் இன்னும் அரை மணி நேரம் பேசினார். அவரே வைக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.